விளக்கில்லாமல் முடிந்த ஃபிளட்லைட் கோப்பை

1973 டிசம்பர் 18, செவ்வாய்க்கிழமை பகல். இங்கிலாந்தின் வடமேற்கே, மெர்சி ஆற்றங்கரையில் இருக்கும் விட்னஸ் நகரத்தின் நாட்டன் பார்க் மைதானத்தில் ஒரு ரக்பி லீக் கோப்பையின் இறுதிப் போட்டி நடந்தது. கோப்பையின் பெயர் பிபிசி 2 ஃபிளட்லைட் டிராஃபி. வாரத்தின் நடுவில், ராத்திரியில், விளக்கு வெளிச்சத்தில், தொலைக்காட்சிக்காகவே தொடங்கப்பட்ட போட்டி அது. அந்த வருடம் மைதான விளக்குகளை எரிக்க அரசாங்கம் தடை போட்டிருந்தது. அதனால் ஒரு வேலைநாளின் பகலில் ஆடி முடித்தார்கள். லீட்ஸ் நகரத்தின் மேற்கு ஓரத்திலிருந்து போன பிராம்லி என்ற சின்ன அணி, சொந்த மண்ணில் ஆடிய விட்னஸை 15–7 என்று ஜெயித்தது. நூறு வருடங்களுக்கு மேல் வாழ்ந்த பிராம்லி ஜெயித்த ஒரே பெரிய கோப்பை அதுதான்.

நான் இப்போது குடியிருப்பது அந்த பிராம்லியில். வேலைக்காக லீட்ஸ் வந்து, வாடகை கட்டுப்படியாகும் இடம் தேடி இங்கே வந்து சேர்ந்தேன். ஒரு காலத்தில் தனிக் கிராமமாக இருந்து நகரத்தோடு ஒட்டிக்கொண்ட இடம். டவுன் ஸ்ட்ரீட் என்ற நீளமான கடைத்தெரு, 1904இல் கட்டிய பொது நீச்சல்குளம், கல் வெட்டி எடுத்த பழைய குவாரிகள், அவற்றை மூடி வளர்ந்த காடு. இங்கே ஒரு தொழில்முறை ரக்பி அணி இருந்தது என்பதற்கு வெளியூர்க்காரன் கண்ணில் படும்படி அடையாளம் ஏதும் இல்லை. அந்த அணி கடைசிவரை ஆடிய சொந்த மைதானமான மெக்லாரன் ஃபீல்டில் இன்று வீடுகள் இருக்கின்றன.

ரக்பி எனக்கு வந்து சேர்ந்தது கிரிக்கெட் வழியாகத்தான். ஹெடிங்லிக்கு டெஸ்ட் மேட்ச் பார்க்கப் போன எந்தத் தமிழனும் அதைக் கவனித்திருப்பான்: கிரிக்கெட் மைதானத்தின் ஒரு பக்கத்து ஸ்டாண்டுக்குப் பின்னால், முதுகோடு முதுகு ஒட்டியபடி இன்னொரு மைதானம். லீட்ஸ் ரக்பி லீக் அணியின் இடம் அது. முன்பக்கம் உட்கார்ந்தால் கிரிக்கெட், பின்பக்கம் உட்கார்ந்தால் ரக்பி. அந்தப் பின்பக்கத்தில் ஒருநாள் போய் உட்கார்ந்தேன். அப்புறம் வெள்ளிக்கிழமை ராத்திரிகள் அங்கேயே போக ஆரம்பித்தன.

ரக்பி என்றாலே ஒரு விளையாட்டு என்றுதான் நம்மில் பலரும் நினைக்கிறோம். அது இரண்டு. 1895 ஆகஸ்ட் 29 அன்று, ஹடர்ஸ்ஃபீல்டு நகரத்து ஜார்ஜ் ஹோட்டலில் வட இங்கிலாந்தின் இருபதுக்கும் மேற்பட்ட கிளப்கள் கூடி, தலைமை அமைப்பிலிருந்து பிரிந்தன. காரணம் கூலி. சுரங்கத்திலும் பஞ்சாலையிலும் வேலை செய்கிறவன் சனிக்கிழமை ஆட வந்தால் அன்றைய கூலி போய்விடும். அதை ஈடுகட்டித் தர வேண்டும் என்று வடக்கு கேட்டது. விளையாட்டுக்குக் காசு வாங்குவது கேவலம் என்று தெற்கின் கனவான்கள் சொன்னார்கள். அந்தப் பிளவில் பிறந்ததுதான் ரக்பி லீக். பிராம்லி அடுத்த வருடமே இந்தப் பக்கம் சேர்ந்துவிட்டது. 1907இல் நியூசிலாந்திலிருந்து முதன்முதலாக ஒரு ரக்பி லீக் அணி கடல் கடந்து பிரிட்டனுக்கு வந்தபோது, அவர்கள் இங்கே ஆடிய முதல் ஆட்டமே பிராம்லியோடுதான். பார்லி மோ என்ற மதுக்கடையை ஒட்டியிருந்த பழைய மைதானத்தில் நடந்தது. உலக ரக்பி லீக் வரலாற்றில் பிராம்லிக்கு ஓர் இடம் உண்டென்றால் அது இந்த இரண்டு தேதிகள்: 1907 அக்டோபர், 1973 டிசம்பர்.

ஆட்டத்தைப் பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒரு பக்கத்துக்கு 13 பேர். பந்தைக் கையில் வைத்துக்கொண்டு ஓடுகிறவனை எதிரணி மடக்கிப் பிடித்துக் கீழே சாய்க்கும். அதற்கு டேக்கிள் என்று பெயர். கபடியில் பாடி வந்தவனைப் பிடிப்பது போலத்தான், கூட ஒரு பந்தும் எழுபது மீட்டர் அகலமும் சேர்த்துக்கொள்ளுங்கள். சாய்ந்தவன் எழுந்து பந்தைக் காலால் பின்னுக்குத் தள்ள, அவன் அணியே மறுபடி தொடரும். எதிரியின் எல்லைக் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் ஊன்றினால் அது ட்ரை. பந்தைக் கம்பங்களுக்கு நடுவே உதைத்து அனுப்பினால் அது கோல். அந்தக் காலத்தில் ட்ரைக்கு 3 புள்ளி, கோலுக்கு 2 புள்ளி.

இப்போது கோப்பைக்கு வருகிறேன். இதைத் தொடங்கியவரின் பெயரைக் கேட்டால் உங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். காட்டு விலங்குகளைப் பற்றி அரை நூற்றாண்டுக்கு மேலாக உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருக்கும் டேவிட் அட்டன்பரோ. 1965இல் அவர் பிபிசி 2 சேனலின் பொறுப்பாளராக வந்தார். ஒரு வருடம் முன்னால்தான் அந்தச் சேனல் பிறந்திருந்தது. அதன் தொடக்க நாளான 1964 ஏப்ரல் 20 அன்றே மேற்கு லண்டனில் பெரிய மின்தடை ஏற்பட்டு, திட்டமிட்ட நிகழ்ச்சிகள் அடுத்த நாளுக்குத் தள்ளிப்போயின. அதைப் பார்க்கப் புதிய 625 வரித் தொலைக்காட்சிப் பெட்டி வேண்டும், புதிய ஆன்டெனா வேண்டும். அதை வாங்க வைக்கிற மாதிரி நிகழ்ச்சிகள் வேண்டும். வடக்கு இங்கிலாந்துக்காரன் எதற்காகப் பெட்டி வாங்குவான் என்ற கேள்விக்குக் கிடைத்த விடைகளில் ஒன்று, செவ்வாய்க்கிழமை ராத்திரி ரக்பி லீக்.

ஏற்பாடு எளிமையானது. மைதானத்தில் ஃபிளட்லைட் வைத்திருக்கும் கிளப்கள் மட்டும் சேரலாம். முதல் வருடம் எட்டு கிளப்களுக்குத்தான் அந்தத் தகுதி இருந்தது. தோற்றால் வெளியே, ஜெயித்தால் அடுத்த சுற்று. ஆட்டத்தின் இரண்டாம் பாதியை பிபிசி 2 நேரடியாகக் காட்டும். வர்ணனைக்கு டூஸ்பரிக்காரர் எடி வாரிங். முதல் இறுதிப் போட்டியில் காஸில்ஃபோர்ட், செயின்ட் ஹெலன்ஸை அவர்கள் ஊரிலேயே 4–0 என்று தோற்கடித்தது. அடுத்த இரண்டு வருடமும் கோப்பை காஸில்ஃபோர்டுக்கே போனது. அது ஒரு சுரங்க ஊர். அங்கே கோப்பை வந்தால் ஊரே தெருவில் நிற்கும்.

கோப்பைக்குள் நுழைய விளக்கு வேண்டும் என்ற விதியால் கிளப்கள் ஒவ்வொன்றாக விளக்குக் கம்பம் நட்டன. நுழைவுச்சீட்டுக் காசில் காலம் தள்ளும் கிளப்களுக்கு அது பெரிய முதலீடு. இந்தப் போட்டி விட்டுச்சென்ற இன்னொரு விஷயம் இன்றும் ஆட்டத்தின் உள்ளே இருக்கிறது. 1966 வரை, ஓர் அணி பந்தை இழக்காதவரை எத்தனை டேக்கிளுக்குப் பிறகும் தொடர்ந்து வைத்திருக்கலாம். முன்னிலை பெற்ற அணி பந்தை விடாமல் முட்டி முட்டி நேரத்தைக் கடத்திவிடும். மைதானத்தில் நின்று பார்க்கிறவனே சோர்ந்துபோவான். வீட்டில் பெட்டியில் பார்க்கிறவன் எழுந்துபோய்விடுவான். 1966 இலையுதிர்காலத்தில், நான்கு டேக்கிளுக்கு மேல் பந்தை வைத்திருக்கக் கூடாது என்ற விதியை முதன்முதலில் சோதித்துப் பார்த்தது இந்த ஃபிளட்லைட் போட்டியில்தான். சில வாரங்களிலேயே அது எல்லாப் போட்டிகளுக்கும் வந்துவிட்டது. 1972இல் நான்கு ஆறாக மாறியது. இன்று சிட்னியிலும் ஆக்லாந்திலும் ஹெடிங்லியிலும் 'ஆறாவது டேக்கிள்' என்று கூட்டம் இருக்கை நுனிக்கு வருகிறதே, அந்த நுனியை உண்டாக்கியது வாரநடுவில் நடந்த இந்தச் சின்னப் போட்டி. இதற்காகவாவது இந்தக் கோப்பையைக் கொஞ்சம் மரியாதையோடு நினைக்க வேண்டும் என்பது என் கட்சி.

சரி, 1973–74 பருவம்.

ரக்பி லீக்கில் அவ்வளவு நெரிசலான பருவம் அதற்கு முன் இருந்திருக்குமா என்று சந்தேகம். லீக் அந்த வருடம்தான் மறுபடி இரண்டு பிரிவாகப் பிரிக்கப்பட்டிருந்தது. அதற்கு மேல் கோப்பைகள்: வெம்ப்ளியில் முடியும் சேலஞ்ச் கப், யார்க்‌ஷயர் கப், லங்காஷயர் கப், சிகரெட் கம்பெனி நடத்திய பிளேயர்ஸ் நம்பர் 6 டிராஃபி, ரம் கம்பெனி நடத்திய கேப்டன் மார்கன் டிராஃபி. கடைசியாகச் சொன்னது அந்த ஒரு வருடத்தோடு நின்றுபோனது. இத்தனைக்கும் நடுவில் செவ்வாய்க்கிழமைகளில் ஃபிளட்லைட் கோப்பை. ஆடியவர்கள் யாரும் முழுநேர ஆட்டக்காரர்கள் இல்லை. சுரங்கத்தில் ஷிப்ட் முடித்தோ, லாரி ஓட்டிவிட்டோ, பட்டறையிலிருந்து கை கழுவிக்கொண்டோ வந்து ஆடுகிறவர்கள். சனி அல்லது ஞாயிறு ஓர் ஆட்டம், செவ்வாய் ஓர் ஆட்டம், புதன் காலை மறுபடி வேலை. அடிபட்ட தோள்பட்டையோடு மண்வெட்டி பிடிப்பது எப்படி இருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். இந்த ஆட்டக்காரர்கள்மேல் எனக்கிருக்கும் மதிப்பு பாதி அதனால் வந்தது.

லீட்ஸ் நகரத்துக்குள் அப்போது மூன்று அணிகள். வடக்கே ஹெடிங்லியில் பணமும் கூட்டமும் உள்ள லீட்ஸ். தெற்கே ஹன்ஸ்லட். மேற்கே பிராம்லி. 1973 வசந்தத்தில் ஹன்ஸ்லட் தன் பார்க்சைட் மைதானத்தில் கடைசி ஆட்டத்தை ஆடியது. இடம் விற்கப்பட்டது, பழைய கிளப் கலைந்தது. சேலஞ்ச் கப்பும் சாம்பியன் பட்டமும் ஜெயித்த பெரிய அணி அது. அதற்கே அந்தக் கதி என்றால், ஒரு கோப்பைகூட இல்லாத பிராம்லியில் என்ன பேசிக்கொண்டிருப்பார்கள் என்பதை ஊகிக்கக் கஷ்டமில்லை. அதே வருடக் கடைசியில்தான் அந்தப் பிராம்லி இறுதிப் போட்டிக்குப் போனது.

பயிற்சியாளர் ஆர்தர் கீகன். ஹல் அணிக்குப் பல வருடம் ஃபுல்பேக்காக, அதாவது எல்லாருக்கும் பின்னால் நிற்கும் கடைசிக் காவலாக ஆடி, பிரிட்டன் அணியின் சட்டையும் போட்டவர். ஆட்ட வாழ்க்கையின் கடைசிக் கட்டத்தில் பிராம்லிக்கு வந்தார். களத்தில் ஸ்டாண்ட்-ஆஃப் இடத்தில் ஜான் வுல்ஃபர்ட். ஸ்டாண்ட்-ஆஃப் என்பவன்தான் அடுத்து பந்து எந்தத் திசையில் போகும் என்று தீர்மானிக்கிறவன். சின்ன அணிக்கு நல்ல ஸ்டாண்ட்-ஆஃப் கிடைத்துவிட்டால் பெரிய அணியோடு சமமாக நிற்க முடியும்.

எதிரே விட்னஸ். ரசாயனத் தொழிற்சாலைகளின் ஊர் என்பதால் அவர்களுக்கு 'கெமிக்ஸ்' என்று பெயர். பயிற்சியாளர் வின்ஸ் கராலியஸ், அதே ஊரில் பிறந்தவர், தன் காலத்தில் எதிரணிகள் மிகவும் பயந்த முன்கள ஆட்டக்காரர்களில் ஒருவர். அவர் கட்டிக்கொண்டிருந்த அணி 1975இல் வெம்ப்ளிக்குப் போய் சேலஞ்ச் கப்பை எடுக்கும். அடுத்த பத்து வருடம் 'கப் கிங்ஸ்' என்று நாடே அழைக்கும். 1973 டிசம்பரில் அந்தப் புகழ் இன்னும் வந்து சேரவில்லை, ஆனால் அதற்கான ஆட்கள் சேர்ந்துகொண்டிருந்தார்கள்.

இந்த நேரத்தில்தான் மின்சாரம் போனது.

1973 அக்டோபரில் மேற்காசியப் போர். எண்ணெய் விலை சில மாதங்களில் நான்கு மடங்கானது. பிரிட்டனின் மின்சாரத்தில் பெரும்பகுதி அப்போது நிலக்கரியிலிருந்து வந்தது. எண்ணெய் எட்டாத விலைக்குப் போனதும் கரியை இன்னும் அதிகமாக நம்ப வேண்டியிருந்தது. அதே சமயத்தில் சுரங்கத் தொழிலாளர் சங்கம் கூலி உயர்வு கேட்டது. பிரதமர் எட்வர்ட் ஹீத்தின் அரசாங்கம் கூலிக்கு உச்சவரம்பு வைத்திருந்தது. நவம்பர் 12 முதல் சுரங்கத் தொழிலாளர்கள் மிகை நேரம் வேலை செய்வதை நிறுத்தினார்கள். மறுநாளே நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. விளம்பர விளக்குகள் அணைந்தன, மைதான விளக்குகள் அணைந்தன. சாலைகளில் வேகம் மணிக்கு 50 மைல் என்று குறைக்கப்பட்டது. பெட்ரோல் கூப்பன்கள் விநியோகிக்கப்பட்டன. டிசம்பர் 13 அன்று, புத்தாண்டு முதல் தொழிற்சாலைகளுக்கு வாரத்தில் மூன்று நாள்தான் மின்சாரம் என்று ஹீத் அறிவித்தார். டிசம்பர் 17 முதல் தொலைக்காட்சி ராத்திரி பத்தரைக்கே முடிந்துவிட வேண்டும் என்று உத்தரவு. இறுதிப் போட்டி அதற்கு அடுத்த நாள்.

இதில் நான் திரும்பத் திரும்ப யோசிக்கும் ஒரு விஷயம் உண்டு. மிகை நேரத்தை நிறுத்திய தொழிலாளர்கள் இருந்த ஊர்களின் பட்டியலை எடுங்கள்: காஸில்ஃபோர்ட், ஃபெதர்ஸ்டோன், வேக்ஃபீல்டைச் சுற்றிய ஊர்கள், லீ, விகன், செயின்ட் ஹெலன்ஸ். ரக்பி லீக் அணிகளின் பட்டியலை எடுங்கள். ஒன்றின் மேல் ஒன்றை வைத்தால் பெரும்பாலும் பொருந்திவிடும். ஃபெதர்ஸ்டோனில் சுரங்கத்துக்குள் இறங்குகிறவர்களே சனிக்கிழமை சட்டை மாற்றிக்கொண்டு களத்திலும் இறங்கினார்கள். 1895இல் ஆட்டத்துக்காக இழந்த கூலியைக் கேட்டுப் பிரிந்தவர்களின் பேரப்பிள்ளைகள், 1973இல் சுரங்கக் கூலியைக் கேட்டார்கள். அதன் விளைவாக அவர்களுடைய சொந்த ஆட்டத்தின் விளக்குகள் அணைந்தன. அதற்காக யாராவது சுரங்கத் தொழிலாளியைக் குறை சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஒரு கோப்பையின் இறுதிப் போட்டி ராத்திரி நடக்க வேண்டும் என்பதைவிட, பூமிக்கடியில் வேலை செய்கிறவனுக்கு நியாயமான கூலி கிடைக்க வேண்டும் என்பது பெரிது. அந்த ஊர்களில் இருந்தவர்களுக்கு இது யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

ஆனாலும் இழப்பு இழப்புதான். டிசம்பர் மூன்றாம் வாரத்தில் வடக்கு இங்கிலாந்தில் நான்கு மணிக்கு முன்னாலேயே சூரியன் மறைந்துவிடும். விளக்கில்லாமல் ஆடுவதென்றால் மதியத்திலேயே ஆடி முடிக்க வேண்டும். செவ்வாய்க்கிழமை மதியம் என்றால் ஆலையில் ஆள் இருப்பான், பள்ளியில் பிள்ளை இருக்கும். அதுவும் ஆட்டம் விட்னஸில். லீட்ஸிலிருந்து பென்னைன் மலைத்தொடரைக் கடந்து போக வேண்டும். மலைமேல் எம்62 நெடுஞ்சாலை திறந்து இரண்டு வருடம்தான் ஆகியிருந்தது. பெட்ரோல் கிடைக்குமா என்ற கவலை வேறு.

எங்கள் தெருவில் ஒருவர் இருக்கிறார், அறுபதைத் தாண்டியவர். எதிர்வீட்டுத் தோட்ட வேலியைச் சரிசெய்துகொண்டிருந்தவர், லீட்ஸ் அணியின் சட்டையோடு போன என்னை நிறுத்தி, "பிராம்லியில இருந்துகிட்டு அந்தச் சட்டையா?" என்று கேட்டதில்தான் எங்கள் பழக்கம் தொடங்கியது. அவருடைய தாத்தா பார்லி மோ மைதானத்தில் நின்றவர். அப்பா மெக்லாரன் ஃபீல்டில் மழையானாலும் பனியானாலும் நின்றவர். இவர் நடக்கத் தெரிந்த நாளிலிருந்து அப்பா தோள்மேல். மூன்று தலைமுறையாக அவர்கள் பார்த்ததில் பெரும்பகுதி தோல்விதான். லீக் பட்டியலில் பெரும்பாலும் கீழ்ப்பாதியிலேயே இருந்த அணிக்குப் பின்னால் வாரம் தவறாமல் போனார்கள்.

அந்த 1973 டிசம்பர் 18 அன்று நீங்கள் எங்கே இருந்தீர்கள் என்று கேட்டேன்.

"பள்ளிக்கூடத்துல. கணக்கு வாத்தியார் போர்டுல எழுதிக்கிட்டிருந்தார். நான் கடிகாரத்தையே பார்த்துக்கிட்டிருந்தேன். இப்போ ஆரம்பிச்சிருப்பாங்க, இப்போ பாதி ஆட்டம் முடிஞ்சிருக்கும்னு."

"அப்பா?"

"அப்பா எந்திரத்துக்கு முன்னாடி. ஜனவரியிலேர்ந்து மூணு நாள்தான் வேலைன்னு சொல்லிட்டாங்க. கூலி குறையப் போகுது. அந்த நேரத்துல யாரு லீவு கேப்பாங்க?"

சாயங்காலம் வேலை முடிந்து அப்பா வந்து வாசலில் நின்றபடியே முடிவைச் சொன்னாராம். தாத்தா நாற்காலியிலிருந்து எழுந்து சமையலறைக்குப் போய்விட்டாராம். ஏன் போனார் என்று இவருக்கு அன்று புரியவில்லை. விளக்குப் போட்டு ராத்திரி நடந்திருந்தால் அவர்கள் போயிருப்பார்கள், அல்லது யார் வீட்டிலாவது பிபிசி 2 இருந்திருந்தால் அங்கே போய் உட்கார்ந்திருப்பார்கள். அறுபது, எழுபது வருடமாக ஒரு குடும்பம் காத்திருந்த ஆட்டம், அவர்களில் ஒருவர்கூடப் பார்க்காமல் நடந்து முடிந்தது.

அவர் இதைக் குறையாகச் சொல்லவில்லை. "ஜெயிச்சாங்கல்ல," என்றார். எனக்குத்தான் ஆறவில்லை. கூட்டமில்லாத நேரத்தில், குறைந்த வெளிச்சத்தில், எதிரியின் ஊரில் போய் ஆடிய பதின்மூன்று பேரைப் பற்றி நினைக்கும்போதெல்லாம், வர முடியாமல் போன அந்த ஊரையும் சேர்த்துத்தான் நினைக்கிறேன்.

15–7 என்ற கணக்கைப் பாருங்கள். எட்டுப் புள்ளி வித்தியாசம். அன்றைய கணக்கில் அது இரண்டு ட்ரையும் ஒரு கோலும். இந்தக் கோப்பையின் இறுதிப் போட்டிகள் பெரும்பாலும் இறுக்கமானவை: 4–0, 7–2, 8–5, 7–4, 9–5, 8–2, 5–0. டிசம்பர் சேற்றில், கனத்துப்போன தோல் பந்தோடு, இரண்டு பக்கமும் முட்டி மோதி ஒன்றிரண்டு கோலில் முடிகிற ஆட்டங்கள். அடுத்த வருட இறுதிப் போட்டி இன்னும் மோசம். சால்ஃபோர்டும் வாரிங்டனும் ஆடி 0–0 என்று முடிந்து, மறு ஆட்டத்தில்தான் சால்ஃபோர்ட் 10–5 என்று எடுத்தது. அப்படிப்பட்ட பட்டியலில் பிராம்லியின் 15 தனியாகத் தெரிகிறது. அதுவரை நடந்த எட்டு இறுதிப் போட்டிகளில் எந்த அணியும் அவ்வளவு புள்ளி எடுத்ததில்லை. யாரோ ஒருவரின் தவறால் தப்பித்து வந்த வெற்றியாக இதைச் சொல்ல முடியாது.

கரிப் பிரச்சினை பிப்ரவரியில் முழு வேலைநிறுத்தமாகி, ஹீத் தேர்தல் அறிவித்து, பிப்ரவரி 28 அன்று பெரும்பான்மையை இழந்து, மார்ச்சில் புதிய அரசாங்கம் வந்து கூலியை உயர்த்தி, மூன்று நாள் வேலை வாரம் முடிவுக்கு வந்தது. விளக்குகள் மறுபடி எரிந்தன. கோப்பை இன்னும் ஆறு வருடம் நடந்தது. 1979 டிசம்பரில் ஹல் நகரத்தின் இரண்டு அணிகளும் மோதிய கடைசி இறுதிப் போட்டியில் ஹல் எஃப்சி 13–3 என்று ஜெயித்தது. 1980இல் பிபிசி செலவைக் குறைத்தபோது இந்தப் போட்டி நிறுத்தப்பட்டது. பதினைந்து பருவங்கள், பத்து வெவ்வேறு வெற்றியாளர்கள். காஸில்ஃபோர்ட் நான்கு தடவை. ஏழு தடவை இறுதிக்குப் போன செயின்ட் ஹெலன்ஸ் ஐந்தில் தோற்றது. அவர்களுடைய ரசிகர்களுக்கும் இதைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரை எழுதக் காரணம் இருக்கிறது.

பிராம்லிக்கு அப்புறம் நல்ல காலம் வரவில்லை. 1995இல் மெக்லாரன் ஃபீல்டை விட்டு வெளியேறினார்கள். கொஞ்ச நாள் கர்க்ஸ்டாலில் உள்ள கிளாரன்ஸ் ஃபீல்ட். பிறகு ஹெடிங்லியில், லீட்ஸ் அணியின் பெரிய மைதானத்தில் ஒண்டுக்குடித்தனம். இருபதாயிரம் பேர் கொள்ளும் இடத்தில் சில நூறு பேர். 1999 பருவத்தோடு தொழில்முறை லீக்கிலிருந்து விலகினார்கள். சில வருடம் கழித்து ரசிகர்களே கூட்டுறவாகச் சேர்ந்து பிராம்லி பஃபலோஸ் என்ற பெயரில் அணியை எழுப்பி, சமுதாய அளவிலான லீக்கில் ஆட வைத்தார்கள். ஒரு கிளப் செத்த பிறகும் அதைப் பார்க்கப் போன ஆட்கள் சாகாமல் இருந்ததால் நடந்தது அது.

ரக்பி லீக் பேசும் இடங்களில் நான் இந்த இறுதிப் போட்டியைப் பற்றி எடுத்தால் ஒரு பதில் வரும்: ஃபிளட்லைட் கோப்பையெல்லாம் ஒரு கோப்பையா, பெரிய அணிகள் அதைப் பொருட்படுத்தவே இல்லை, அதனால்தான் பிராம்லியால் எடுக்க முடிந்தது. இதை நான் ஏற்கவே மாட்டேன். விட்னஸ் அதற்கு முந்தைய வருடமும் இதே கோப்பையின் இறுதிப் போட்டிக்கு வந்து, லீ அணியிடம் 5–0 என்று தோற்றிருந்தது. ஒரு வருடத்துத் தோல்வி மனதில் இருக்கும்போது, இந்த முறை இறுதிப் போட்டி சொந்த மைதானத்திலேயே கிடைக்கிறது. பயிற்சியாளர் கராலியஸ். அவரிடம் போய் இது முக்கியமில்லாத ஆட்டம் என்று எந்த ஆட்டக்காரன் சொல்லியிருப்பான்? ஃபிளட்லைட் கோப்பைக்காக விட்னஸ் அப்புறமும் ஐந்து வருடம் காத்திருந்தது. 1978–79 பருவத்தில்தான், அதே நாட்டன் பார்க்கில், செயின்ட் ஹெலன்ஸை 13–7 என்று தோற்கடித்து எடுத்தார்கள். வேண்டாம் என்று நினைத்த கோப்பைக்கு யாரும் மூன்று தடவை இறுதிப் போட்டி வரை வரமாட்டார்கள். அந்த மூன்றில் நடுவில் வந்ததில், அவர்கள் வாசலிலேயே வைத்து அவர்களைத் தோற்கடித்தது பிராம்லி.